காபந்து அரசு

“பிரிட்டனில் மன்னர். சுவிட்சர்லாந்தில் எதற்கெடுத்தாலும் மக்களே ஓட்டுப் போடுவார்கள்” என்று பாடம் படித்துக்கொண்டிருந்த மகள் யாழ்மொழி நிமிர்ந்தாள். “நம்ம வீட்டுல என்ன ஆட்சிப்பா?”

“அம்மா இருந்தவரைக்கும் முடியாட்சி. இப்போ காபந்து அரசு. புதுசா எந்த முடிவும் எடுக்கக் கூடாது.”

அவள் கதவுக்குப் பின்னால் பார்த்தாள். என் மனைவியின் மஞ்சள் குடை ஓராண்டாக யாரும் தொடாமல் அங்கே தொங்குகிறது. வெளியே மழை.

“ஸ்கூலுக்கு அந்தக் குடையை எடுக்கலாமா? ஓட்டுப் போடுவோம்.”

நான் ‘வேண்டாம்’ என்று எழுதி டம்ளரில் போட்டேன். எண்ணினால் மூன்று சீட்டுகள். இரண்டில் ‘எடுக்கலாம்’.

“கள்ள ஓட்டுடீ!”

“இல்லப்பா. அம்மாவோடது. தபால் ஓட்டு.”

ஆணியிலிருந்து எடுத்ததும், பொத்தானை அழுத்தும் முன்பே, குடை பட்டென்று விரிந்தது.