பன்னிரண்டு பேர் வேணும்

"அண்ணை, நாளைக்கு ஒரு நாள் நீங்கள் என்ரை ஸ்டூடன்ட்."

பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த நாகேந்திரம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்து வீட்டுச் சரோஜினிதேவியைப் பார்த்தார். அரசாங்க உத்தியோகத்தில் முப்பத்தைந்து வருஷம் கிளாக்காக இருந்து பென்ஷன் எடுத்த மனிதர்.

"எனக்கு அறுபத்தெட்டு வயசு, பிள்ளை."

"புதுச் சட்டத்திலை வயசும் பாக்கிறேல்லை, ஆணோ பெண்ணோ எண்டும் பாக்கிறேல்லை. பள்ளிக்கூடம் முடிச்ச ஆரும் படிக்கலாமாம்."

"நான் முடிச்சது நாற்பத்தேழிலை!"

"முடிச்சது முடிச்சதுதானே!"

பாவம், அவளுக்கும் வேறு வழியில்லை. கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றின் மாடியறையில், பெண்பிள்ளைகளுக்கு வீட்டு வயரிங் படிப்பிக்கிறாள். செலவெல்லாம் அரசாங்கத்தினுடையது. தொடங்கும்போது இருபது பேர். ஆனால் சண்டை நடந்துகொண்டிருந்த அந்தத் தொண்ணூற்றேழாம் ஆண்டில் வெள்ளவத்தையில் ஆர் நிலையாக இருந்தார்கள்? விசா வந்து ஒன்று கனடாவுக்கு, ஏஜென்சிக்காரன் கூப்பிட்டு ஒன்று பிரான்ஸுக்கு என்று பறந்துபோய், மிச்சம் பதினொன்று.

பன்னிரண்டுக்குக் குறைந்தால் வகுப்பை மூடு என்பது மேலிடத்துப் புது விதி. நாளைக்கு எண்ண வருகிறார்கள். பிள்ளைகள் சோதனை எழுதவோ இன்னும் ஆறே கிழமை, ஒன்றரை மாதம். சேர்ட்டிபிக்கேற் இல்லாமல் எந்தக் கம்பனி இந்தப் பிள்ளைகளைப் பயிலுநராக எடுக்கப்போகிறது?

"ஒரே ஒரு ஆள் போதும், அண்ணை."

"நான் தனிய வரமாட்டன். இரத்தினம்மாவும் வரட்டும்."

"நான் என்னத்துக்கு?" என்று குசினிக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது.

"துணைக்கு!"

மறுநாள் காலை இரண்டு பேரும் வகுப்பில் முன் வரிசை வாங்கில் இருந்தார்கள். இரத்தினம்மா பட்டுச்சேலை, தலையில் மல்லிகைப் பூ, கையில் ஸ்குரூ டிரைவர். பின்னால் பதினொரு பெட்டைகளும் சிரிப்பை அடக்கமாட்டாமல் மேசைக்குக் கீழே குனிந்து குனிந்து எழும்பினார்கள்.

அதிகாரி தாஸிம் வந்தார். ஒல்லியான மனிதர், சிரிப்பென்றால் என்ன விலை என்று கேட்கிற முகம். தேத்தண்ணி நீட்டினாள் சரோஜினிதேவி. "வாணாம்" என்று ஃபைலைத் திறந்தார்.

திறந்த ஃபைலைக் கண்டதும் நாகேந்திரத்துக்குப் பழைய வியாதி வந்துவிட்டது.

"தம்பி, இந்தப் படிவம் பழைய போம் எல்லோ? கீழை றெஃபரன்ஸ் நம்பரும் இல்லை!"

தாஸிம் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். சரோஜினிதேவி நாகேந்திரத்துக்குக் கண்ணைக் காட்டினாள்.

"அம்மா, நீங்க ஏன் வயரிங் படிக்க வந்தீங்க?" என்று அடுத்தாளிடம் திரும்பினார்.

"சொந்தக் காலிலை நிக்க," என்றாள் இரத்தினம்மா, சொல்லிக்கொடுத்தபடியே. நாகேந்திரம் திடுக்கிட்டு மனிசியைப் பார்த்தார்.

"நல்லது. இந்தப் பேர்களைக் கொஞ்சம் வாசிங்க, நான் எண்ணிப் பார்க்கிறேன்."

இரத்தினம்மா கணீரென்று வாசித்தாள். கௌரி, அருந்ததி என்று பதினொரு பேரும் சரியாக வந்தது. பன்னிரண்டாவதில் நின்றுவிட்டாள்.

"மிச்சம்?"

"மற்றது… இவர்."

"இவருக்குப் பேர் இல்லையா?"

"இருக்கு. நான் சொல்லமாட்டன்."

"வாசிக்கத்தானே சொன்னேன்!"

"நாற்பத்திரண்டு வருஷமா இவரின்ரை பேரை நான் வாயாலை சொன்னதில்லை. இண்டைக்கு வயரிங்குக்காகச் சொல்லுவனோ?"

அவ்வளவுதான். கௌரி வாய்விட்டுச் சிரிக்க, வகுப்பே குலுங்கியது. தாஸிம் மட்டும் சிரிக்கவில்லை.

"புருஷனும் பொண்டாட்டியும். சரி, எப்ப சேர்ந்தீங்க?"

இரத்தினம்மாவுக்குப் பொய் வாயில் வராது. "நேற்றுப் பின்னேரம், ஐயா. பிள்ளையள் பாவமெண்டு."

சாயம் வெளுத்துப்போச்சு. சிவப்புப் பேனை இரண்டு பெயர்களின் மேலும் சர்ரென்று ஓடியது. பதினொன்று.

"சேர், ஒண்டுதானே குறையுது! கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுங்கோ."

"முப்பத்திமூணு வருஷத்தில பொய்ப்பேருக்கு நான் ஒப்பம் வச்சதில்ல, டீச்சர்."

"ஆறு கிழமை, சேர்! இதுகளுக்குக் கனடாவுமில்லை, பிரான்ஸுமில்லை. இதை விட்டா ஒண்டுமில்லை."

"பொய் பொய்தான்."

சரோஜினிதேவிக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. "உங்களுக்கென்ன! வாழ்நாளிலை ஒரு பல்பு மாத்தியிருப்பீங்களோ? எங்கடை தலையை எண்ண மட்டும் தெரியும்! கல்நெஞ்சம்!"

"தங்கச்சி, பேசாதை," என்று இரத்தினம்மா அவளைப் பிடித்து இழுத்தாள்.

தாஸிம் ஃபைலை இழுத்து வைத்துக்கொண்டார். குனிந்து என்னவோ எழுதினார். பிரதியொன்றை மேசையில் வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

சிரிப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. சரோஜினிதேவி மேசையில் தலையைக் கவிழ்த்து விக்கி விக்கி அழுதாள். பிள்ளைகளும் அழத்தொடங்கினார்கள். கௌரிதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள்.

"டீச்சர்! வகுப்பு நடக்கலாம் எண்டு ஒப்பம் வச்சிருக்கிறார்! பன்னிரண்டு பேராம்!"

"விசர்க் கதை கதையாதை. பதினொண்டுதானே?"

"இல்லை டீச்சர், கடைசியிலை ஒரு பேர் எழுதியிருக்கு."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

'எம். தாஸிம். வயது அறுபது. நாளையிலிருந்து பென்ஷன், திங்கட்கிழமையிலிருந்து மாணவன். டீச்சர் ஏசியது சரிதான்; எனக்கு ஒரு பல்புகூட மாற்றத் தெரியாது.'