பன்னிரண்டாவது ஒப்புதல்

பாதுகாக்கப்பட்ட மரத்தை வெட்ட வேண்டுமானால், அதைப் பற்றிய நினைவைப் பதிவேட்டில் எழுதிவைத்த எல்லோரும் சம்மதிக்க வேண்டும். மீறினால் வெட்டியவருக்குச் சிறை. பாளையங்கோட்டையில் மரம் வெட்ட உரிமம் பெற்ற இருதயராஜ், தன் வீட்டு வாசலில் நிற்கும் வாகை மரத்தை வெட்டச் சொன்ன மைதீனுக்காகப் பதினொரு பேரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். பன்னிரண்டாவது பெயர் ரெஜினா. இருபது வருடங்களுக்கு முன் அவரைப் பிரிந்துபோன மனைவி.

மரத்தடியில் நின்றபடி தயங்கித் தயங்கிப் போனில் அழைத்தார்.

"அந்த வாகையா? அதுக்குக் கீழ நின்னுதான மொதமொதல்ல எங்கிட்ட பேசுனீங்க," என்றாள் ரெஜினா. "இன்னும் பூக்குதா?"

அண்ணாந்து பார்த்தார். "கொள்ளையா பூத்திருக்கு."

"சரி, கையெழுத்து போடுதேன். ஒங்க பொழப்பு கெடக் கூடாதுல்லா."

இருதயராஜ் மைதீனிடம் வந்தார். "அந்தம்மா சம்மதிச்சிட்டாங்க பாய். இன்னொருத்தன்தான் மாட்டேங்கான்."

பதிவேட்டை வாங்கி, பதின்மூன்றாவதாகத் தன் பெயரை எழுதினார்.