உழாத நிலத்தில் ஒரு குடை

ஏரியோரத்து ஒரு ஏக்கரைப் பறவைகளுக்காக உழாமல் விட்டதற்கு அரசாங்கம் கொடுத்த மானியத்தில்தான் மாசிலாமணி ஒழுகிய கூரையை மாற்றினார். சும்மா இருந்ததற்குக் கூலியா என்று அவருக்கு ஒரே கூச்சம். நிலத்தைப் பார்க்க அதிகாரி வருகிறார் என்றதும், நன்றிக்கடனாக, இரண்டு நாள் குனிந்த முதுகு நிமிராமல் புல்லையெல்லாம் செதுக்கி நிலத்தைத் துடைத்து வைத்தார்.

வந்த அதிகாரியம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயா, அந்தப் புல்லுக்குத்தானே பணமே குடுத்தோம்!"

மாசிலாமணி நிலத்தைக் கைகாட்டினார். நட்டநடுவில் ஒரே ஒரு புல்கொத்தும், அதன்மேல் விரித்து ஊன்றிய அவருடைய குடையும் மட்டும் நின்றன.

"முட்டை இருந்துச்சும்மா. வெட்ட மனசு வரல. வெயில் படுமேன்னு இதை வச்சேன்."

குடைக்கடியில் காடை ஒன்று அசையாமல் அடைகாத்தது. அதிகாரியம்மா குனிந்து பார்த்தார். பிறகு எழுதாத படிவத்தை மடித்துப் பையில் வைத்தார்.

"புல்லு மறுபடி எப்ப வரும்?"

"ஒரு மழை போதும்மா."

"அப்ப மழை பெஞ்சப்புறம் வரேன்."

ஜீப் போன திசையைக் கும்பிட்டுவிட்டு, மாசிலாமணி வெறுந்தலையோடு வெயிலில் எட்ட உட்கார்ந்தார். நிழல் நகரும்போதெல்லாம் பூனைபோல் போய்க் குடையைச் சாய்த்து வைத்தார். வாங்கிய காசுக்கு இப்போதுதான் அவருக்கு வேலை கிடைத்திருந்தது.