திருடன் தொடாத இடம்

லாரி மெக்கானிக் சகாதேவன் பதினோரு வருடமாக ஒவ்வொன்றாக ஸ்பேனர் சேர்த்தவன். பெங்களூரில் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு, செங்கம் ரோட்டில் சொந்தப் பட்டறை வைக்கத் திரும்பினான். வீடு துடைத்துப் போட்டதுபோல் கிடந்தது.

"கார்த்திகை தீபம் பாக்கப் போன நேரத்துல திருடன் பூந்துட்டான். பித்தளைய எல்லாம் வாரிக்கினு போய்ட்டான்" என்றாள் மனைவி சரோஜா.

"ஐயோ, என் ஸ்பேனருங்க?"

"பத்திரமா இருக்குதுங்க. நீங்க பஸ் ஏறின அன்னிக்கே புதுப் பானை வாங்கி அதுல பொதைச்சுட்டேன். அப்புறம் தொறக்கவே இல்ல. மகாலட்சுமி இருக்கற பானைய எந்தத் திருடன் தொடுவான்?"

பானைக்குள் கையை விட்டான். மழையில் கசிந்து பழுப்பேறிய கல்லுப்பு. அதற்கடியில், துரு தின்று வாய் தேய்ந்துபோன இரும்புத் துண்டுகள்.

"எண்ணிப் பாருங்க. எல்லாம் இருக்குதா?"

சரோஜாவின் முகத்தில் அத்தனை பெருமை.

"ஒண்ணுகூடக் கொறையல சரோஜா" என்றான்.