உதட்டைச் சுற்றிக் கறுப்பு

"உண்மையைச் சொல்லுங்க சார். சிகரெட் பழக்கம் உண்டா?"

குழந்தைராஜின் உதட்டைச் சுற்றிப் படிந்திருந்த கறுப்பு வளையத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தபடி டாக்டர் ஸ்ம்ருதி கேட்டார்.

பக்கத்தில் மனைவி அமலோற்பவம், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மருந்து வாடை அவளுக்கு ஆகாதாம்.

"உண்டு டாக்டர். ரொம்ப நாளா" என்று குழந்தைராஜ் தலைகுனிந்தார்.

"அடப்பாவி மனுஷா! எனக்குத் தெரியாமயா?"

அமலோற்பவம் அழுதுகொண்டே வெளியே போனாள்.

கதவு மூடியதும் டாக்டர் சிரித்தார். "சிகரெட்டுன்னா உதடுல்ல கறுக்கணும்? உங்களுக்குச் சுத்தித்தானே கறுத்திருக்கு. இது மாங்காய்ப் பால் பட்டுப் புண்ணாகி வந்த கறுப்பு. பழத்தைத் தோலோட கடிச்சீங்களா?"

"மெதுவா பேசுங்க டாக்டர்! வீட்டு மரத்துல இந்த வருஷம் காய்ச்சது மொத்தத்தையும் அந்தோணியார் கோயில் ஏலத்துக்குன்னு அவ நேர்ந்திருக்கா. பழம் குறையுறதுக்கு அணில் மேல பழியைப் போட்டு வச்சிருக்கேன். சிகரெட்டுன்னா மன்னிச்சிடுவா. இதை மன்னிக்கவே மாட்டா!"

டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அமலோற்பவத்தை உள்ளே கூப்பிட்டார்.

"அழாதீங்கம்மா. பழக்கத்தை விட்டா கறுப்பு தானா மறைஞ்சிடும்."

கண்ணைத் துடைக்க அவள் முந்தானையை எடுத்தாள். அவள் உதட்டைச் சுற்றியும் அதே கறுப்பு வளையம்.

"உங்களுக்கு எப்படிம்மா இது வந்துச்சு?"

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்ட அமலோற்பவம், கணவனை முறைத்தாள்.

"எல்லாம் இவர் ஊதுன சிகரெட்டுப் புகைதான் டாக்டர்!"