வெளியே போகிற எண்

“அம்மா, சத்தமாப் பேசாத. நம்மள யாரோ பாக்குறாகம்மா.”

அஜய்குமார் இதைச் சொன்னபோது கிருபாவதி கூடத்தின் நடுவில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“யாருல அது?”

“அதான் தெரியல. இங்கன வந்து பாரு.”

பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் படிக்கிறான். கூடத்து மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, வகுப்பில் சொன்ன கமாண்டுகளை வீட்டில் அடித்துப் பார்ப்பான். இந்த வாரம் நெட்வொர்க் கணக்கைக் காட்டுகிற கமாண்ட். கறுப்புத் திரையில் ஒரே ஒரு எண் மட்டும் மூச்சு வாங்காமல் ஏறிக்கொண்டிருந்தது.

“கம்ப்யூட்டருக்குள்ள கெர்னல்னு ஒண்ணு இருக்கும்மா. உள்ள வந்தது எவ்வளவு, வெளிய போனது எவ்வளவுன்னு அது பாட்டுக்குக் கணக்கு வச்சுக்கிட்டே இருக்கும். அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது.”

“அப்ப உங்கப்பா மாதிரி இல்ல.”

“வெளையாடாதம்மா. நான் எதையும் அனுப்பல. ஆனா வெளிய போற எண்ணு ஓடுது பாரு. இதுல மாட்டியிருக்கது அந்தக் கேமரா மட்டுந்தான்.”

கதவுக்கு மேலே இருந்த கேமராவை விரலால் காட்டக்கூட அவனுக்குப் பயமாக இருந்தது. கண்ணால் காட்டினான்.

அப்பா வைகுண்டராஜ் ஆள் வைத்து மாட்டியது. வீரபாண்டித் திருவிழாவுக்கு ஊரே கிளம்பிப் போய்விட்டால் திருடனுக்குக் கொண்டாட்டம் என்றார். வாசலைப் பார்க்க வேண்டிய கேமரா ஏன் கூடத்தைப் பார்க்கிறது என்று கேட்டதற்கு, “உள்ள வந்த திருடனத்தானல புடிக்கணும்” என்றார். திருவிழா முடிந்து எவ்வளவோ நாளாகியும் கழற்றவில்லை.

“நேத்தும் பாத்தேம்மா, முந்தாநாளும் பாத்தேன். நீ இங்கன வந்து உக்காருற நேரத்துக்குத்தான் ஓட ஆரம்பிக்குது. நீ எந்திரிச்சுப் போனா நின்னுருது. எவனோ உன்னயத்தாம்மா பாக்குறான்.” அவன் குரலைத் தாழ்த்தினான். “புடிச்சு நெட்ல போட்டுட்டான்னா என்னம்மா பண்ணுவோம்?”

கிருபாவதி திரையை எட்டிப் பார்த்தாள். மறுபடியும் முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

“பாக்குறவுக பாத்துட்டுப் போகட்டும். பூண்டு உரிக்கிறதுல ஒளிக்கிறதுக்கு என்ன கெடக்கு.”

அம்மாவுக்கு இதன் ஆபத்து புரியவே இல்லை. போதாததற்குச் சர்ச்சுக்குக் கட்டுகிற நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“அக்கா இருந்தா நிமிசத்துல கண்டுபிடிச்சிருப்பா.”

இப்போதுதான் அவள் கை நின்றது.

“அவ பேச்ச எடுக்காதன்னு எத்தன தடவ சொல்றது?”

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போன அக்கா பிரின்சி, கூட வேலை பார்த்தவரை யாரிடமும் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டாள். இனி அவ மூஞ்சில முழிக்க மாட்டேன் என்று வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள் அம்மா. சுவரில் இருந்த அக்காவின் போட்டோ அன்றே பீரோவுக்குள் போனது. அப்பா கடையைத் திறக்கக் கிளம்பிப் போய்விட்டார்.

வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. பஜாரில் இரும்புக்கடையைப் பூட்டிவிட்டு அப்பா வருகிறார்.

“அப்பாட்ட சொல்லிறாதம்மா. கேமராவோட சேத்துக் கம்ப்யூட்டரையும் தூக்கிக் கடாசிருவாக.”

வைகுண்டராஜ் சட்டையைக் கழற்றிக்கொண்டே வந்தார். “இந்தப் பக்கத்து லைட்டு இன்னைக்கும் ஏன் எரியல? போடுல. கண்ணு என்னத்துக்கு ஆகும்?” என்று தானே சுவிட்சைத் தட்டிவிட்டுக் கால் கழுவக் கொல்லைப்பக்கம் போனார். ஆளில்லாத இடத்தில் ஃபேன் சுற்றினால் தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறவர், வீட்டில் யாரோ புகுந்திருப்பது தெரியாமல் அம்மாவை இன்னும் வெளிச்சம் போட்டுக் காட்டுகிறாரே என்று இருந்தது அஜய்க்கு.

அதற்கு மேல் அவனால் பொறுக்க முடியவில்லை. கேமராவோடு பேசிக்கொண்டிருந்த வெளி விலாசத்தைத் தேடி எடுத்தான். அதை அடைக்கிற கமாண்டை, அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்து, மூன்றாவது முறை சரியாக அடித்தான்.

எண் நின்றது. அவனுக்கு மூச்சு வந்தது.

கொல்லைப்பக்கத்தில் அப்பாவின் போன் அடித்தது. “ம்... ம்... இரு, கேக்குறேன்” என்று அடிக்குரலில் சொல்வது கேட்டது. ஈரக்காலோடு உள்ளே வந்தார்.

“ஏலே, கேமராவ என்னல பண்ண?”

“யாரோ வெளிய இருந்து பாத்தாகப்பா. அதான் அடச்சிட்டேன்.”

“தொறந்து விடுல. பிரின்சிக்கு அங்கன அம்மா தெரியலயாம்.”

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். கிருபாவதி தலை நிமிரவில்லை. வைகுண்டராஜ் துண்டைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டார்.

“நீ அவ மூஞ்சியப் பாக்க மாட்டேன்னுதான கிருபா சத்தியம் பண்ண. அவ உன்னயப் பாக்கக் கூடாதுன்னு சொல்லலயே.”

எண் ஓடியபோது இருந்ததைவிட இப்போதுதான் அஜய்க்கு அதிகமாகப் பயம் வந்தது. அம்மா மடியில் கிடந்த பூண்டுத் தோலைத் தட்டிவிட்டாள். முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, விளக்குக்கு நேராக இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“தொறந்து விடு அஜய். கரண்டு பில்லுக்கு அழுகுற மனுசன் மொதத் தடவ லைட்டப் போடச் சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும். இல்லாட்டி, பூண்டு உரிக்கவால இந்தச் சேலையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்?”