வீட்டுக்குள் வந்த வெண்முள் பூ

மே மாத வெயில் சமையலறை வாசல்வரை வந்து நிற்கிறது. டப்ளினிலிருந்து வந்து ஈட்னாவின் வீட்டில் தங்கியிருக்கும் கவிஞர் லோர்கன், வயல் நடுவே தனித்து நிற்கும் வெண்முள் மரத்தில் ஒடித்த பூங்கிளையோடு உள்ளே வருகிறார். "ஈட்னா, இதுதான் நம்ம தேசம். சாயங்காலம் பள்ளிக்கூடத்துல இதைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் என் பாட்டைப் படிக்கப்போறேன்." மாவு பிசையும் ஈட்னாவின் கை நின்றுவிடுகிறது. "அது அவங்க மரம், மண்ணுக்கடியில வாழற மாய மனுஷங்களோடது. அந்தப் பூ வீட்டுக்குள்ள வந்தா ஒரு உயிரைக் கேட்பாங்க. உங்க பாட்டுலயே அப்படித்தானே எழுதியிருக்கீங்க?" "அது பாட்டு," என்று சிரித்தபடி கிளையை உதறுகிறார் அவர். அடுப்பில் விறகுக்குப் பதிலாக வெட்டிக் காயவைத்த சதுப்புமண் கட்டி புகைகிறது. வெள்ளை இதழ்கள் தரையிலும் தொட்டிலிலும் உதிர்கின்றன. அதில் தூங்கும் அவள் குழந்தையின் உதட்டில் ஒன்று ஒட்டியிருக்கிறது. அது மூச்சுக்கு அசைகிறதா என்று ஈட்னா பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.